தாங்குவோருக்கு யார் துணை?

(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சேவை என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். இம்மேடையில் ஏறிய எவரும் அப்பொருளைத் தொடாமல் இறங்கியதில்லை. அவர்கள் வயதாலும் அனுபவத்தாலும் எம்மினும் மூத்தவர்கள். சேவையின் பெருமையை அவர்கள் சொல்லி நீங்கள் கேட்டாயிற்று. ஆகவே நாம் வேறொரு பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். சேவை செய்கிறவர் களைத்துப்போனால் அவருக்கு யார் துணை? இதுவே எமது கேள்வி. இதையும் பொதுப்படப் பேசினால் வெறும் வார்த்தையாய் முடியும். எனவே ஒரு தொழிலாரை மாத்திரம் முன்னிறுத்திப் பேசுவோம். அவர்கள் புற்றுநோய் வைத்தியசாலைகளில் வேலைசெய்யும் சமூகப் பணியாளர்.

இப்படியும் ஒரு தொழில் உண்டோ என்று முன்வரிசையில் இருக்கும் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பது தெரிகிறது. உண்டு. வைத்தியர் கட்டியை அறுக்கிறார், மருந்து ஏற்றுகிறார். தாதி காயத்தைக் கட்டுகிறார், இரவிலே கண்விழிக்கிறார். இவ்விருவருக்கும் நேரம் எட்டாத கருமங்கள் பல எஞ்சுகின்றன. கதிர்ச் சிகிச்சை என்பது பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் நடப்பது. தூரத்து ஊரிலிருந்து வந்தவர் அத்தனை நாளும் எங்கே தங்குவார்? பஸ் காசு எங்கிருந்து வரும்? தாய் கட்டிலிற் கிடந்தால் வீட்டிலுள்ள சிறுமிக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? வேலை தந்தவர் எத்தனை மாதம் பொறுப்பார்? நோயாளி, 'எனக்கு என்ன வருத்தம்?' என்று கேட்கிறார். மூத்த மகனோ வாசலிலேயே வைத்தியரை மறித்து, 'ஐயா, அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ' என்று கும்பிடுகிறான். இவற்றையெல்லாம் இருந்து கேட்டு, செய்ய வேண்டிய ஒழுங்குகளைச் செய்து, எழுத வேண்டிய கடிதங்களை எழுதி, சொல்ல வேண்டியதைச் சொல்வதற்கு ஏற்ற வேளையும் வகையும் பார்த்துக் கொடுப்பவரே நாம் குறிப்பிடும் சமூகப் பணியாளர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பட்டப்படிப்பும் பயிற்சியும் பெற்றவர்கள் செய்யும் தொழில். இரக்கமுள்ள சீமாட்டிகள் மாலை நேரத்திற் பழக்கூடையுடன் வந்துபோகும் காரியம் என்று நினைத்துவிடக் கூடாது.

இத்தொழிலின் பிறப்பைச் சிறிது விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1895ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரத்து றோயல் பிறீ வைத்தியசாலை மேரி ஸ்ருவாட் என்னும் மாதை ஆல்மனர் என்ற பதவிக்கு நியமித்தது. தருமம் பகிர்பவர் என்பது அச்சொல்லின் பழைய பொருள். ஆனால் அவருக்கிட்ட வேலை தருமம் பகிர்வதன்று. இலவச வைத்தியசாலையிலே பணமுள்ளவர்களும் புகுந்துவிடுகிறார்கள் என்று நிருவாகிகள் அஞ்சினார்கள். அப்படிப்பட்டவர்களை இனங்கண்டு நிறுத்த ஓராள் தேவைப்பட்டது. வாயிற்காவலன் வேலை என்றே சொல்லலாம். அதுவும் முதலிலே மூன்று மாதப் பரீட்சை நியமனம். வந்திருந்து பார்த்தபோது, ஏமாற்றுவோர் சிலரே, உண்மையாக இல்லாதவர்களே பலர் என்பதை அவர் கண்டார். வீட்டில் அடுப்பெரியாதவனுக்கு மருந்துப் போத்தலை மாத்திரம் கொடுத்தனுப்புவதில் யாது பயன்? காவலுக்கு வைத்த ஆள் வழிகாட்டும் ஆளாக மாறியது அப்படித்தான்.

பத்து ஆண்டு கழித்து, 1905இல், அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரத்து மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் டொக்டர் றிச்சாட் கபொட் என்பவர் இதே முடிவுக்கு வேறு வழியால் வந்தார். நோயாளி எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறார் என்று தெரியாமல் மருந்தெழுதுவது அரை வைத்தியம் என்பது அவர் கொள்கை. ஓய்வெடு என்று எழுதிக் கொடுக்கலாம். ஆறு பிள்ளைகளோடு கூலி வேலை செய்பவளுக்கு ஓய்வை எந்த மருந்துக்கடையில் வாங்குவது? அவர் கானெற் பெல்ற்றன் என்னும் தாதியை வெளிநோயாளர் பகுதியின் ஒரு மூலையில் அமர்த்தினார். பெல்ற்றன் ஏறக்குறைய ஆறு மாதமே வேலை செய்தார். அவரையே சயரோகம் பற்றிக்கொண்டது, விலகிப் போனார். அவ்விடத்துக்கு 1906இல் வந்தவர் ஐடா கனன். அவர் 1945 வரையும் அங்கிருந்து அத்தொழிலுக்கே தாயாக விளங்கினார். ஆனாலும் அப்பகுதியை வைத்தியசாலை தன் சொந்தப் பகுதியாக ஏற்றுக்கொண்டது 1919இலேதான். அதுவரைக்கும் பணத்துக்கு வழி தேடியவர் கபொட்.

ஐடா கனனைப் பற்றி நூல்கள் பலபடப் பேசுகின்றன. பெல்ற்றனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி. எமக்கோ அந்த ஒரு வரியைக் கடந்து போக மனம் வரவில்லை. நோயாளர் நடுவில் இருந்தவர் நோயாளியானார். அவருக்கு அந்த வைத்தியசாலையில் வழிகாட்டக்கூடிய மூத்தவர் ஒருவரும் இருக்கவில்லை. பக்கத்து மேசை என்று ஒன்று இருக்கவில்லை. நாம் இன்று பேச வந்தது அந்தப் பக்கத்து மேசையைப் பற்றித்தான்.

1915இல் பல்ற்றிமோர் நகரில் நடந்த ஒரு மகாநாட்டிலே ஏபிரகாம் பிளெக்ஸ்னர் என்னும் கல்விமான், சமூகப் பணி ஒரு முழுத் தொழில்தானா என்று கேட்டு, இன்னும் இல்லை என்று விடை சொன்னார். வந்திருந்தவர்களுக்கு அது இனித்திருக்க முடியாது. ஒரு தொழிலுக்கு அவர் வகுத்த இலக்கணங்கள் ஆறு. அவற்றுள் ஒன்று, அத்தொழிலார் தம்மைத் தாமே ஒரு சங்கமாக அமைத்துக்கொள்ளும் இயல்பு. 1918இல் கன்சாஸ் நகரிலே வைத்தியசாலைச் சமூகப் பணியாளர் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பாராத வேலை ஒவ்வொருவரோடும் பிறந்து ஒவ்வொருவரோடும் இறந்துபோகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நிற்க. மற்றை நோய்களுக்கில்லாத ஒரு சுமை புற்றுநோய்க்கு உண்டு. அது மௌனம். எமது ஊரில் அந்நோயின் பெயரைச் சொல்லாமல் 'கூடாத வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இது எமது அறியாமையின் பயன் என்று சில ஆங்கிலம் படித்தவர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி சொல்லுவோம். 1961இல் அமெரிக்க வைத்திய சங்கத்தின் பத்திரிகையில் டொக்டர் டொனால்ட் ஓக்கன் என்பவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சிக்காகோ நகரத்து வைத்தியசாலை ஒன்றில் 219 வைத்தியர்களைக் கேட்டார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர், நோயாளிக்குப் புற்றுநோய் என்று சொல்லாதிருப்பதையே தாம் விரும்புவதாகச் சொன்னார்கள். 1979இல் அதே கேள்விகளை வேறு வைத்தியர்களிடம் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர், சொல்வதையே விரும்புவதாகச் சொன்னார்கள். பதினெட்டு வருஷத்தில் ஒரு தொழிலின் வழக்கம் தலைகீழாய் மாறிவிட்டது.

வைத்தியர் சொல்லாத காலத்தில் அந்த இரகசியம் எங்கே தங்கியிருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள். மனைவிக்குத் தெரியும், கணவனுக்குத் தெரியாது. கணவனும் ஊகித்திருப்பான், மனைவி வருந்துவாளென்று கேளாமலிருப்பான். இருவரும் தனித்தனியே வந்து அழுகிற இடம் சமூகப் பணியாளரின் மேசை. வைத்தியர் சொல்லத் தொடங்கிய காலத்திலோ வேறொரு சுமை வந்தது. சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போவார். சொன்னதைக் கேட்டவருடைய பக்கத்தில் இருக்க ஓராள் வேண்டும். பழைய முறையிலும் புதிய முறையிலும் மிச்சம் வந்து சேர்ந்த இடம் ஒன்றேதான்.

இந்த மேசையிலிருந்து எவ்வளவு பெரிய காரியம் எழக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். சிசிலி சோண்டேர்ஸ் என்னும் ஆங்கில மாது முதலில் தாதியாகப் பயின்றார். முதுகு நோவு காரணமாக அவ்வேலையை விட நேர்ந்து, 1947இல் ஆல்மனர் ஆனார். அப்போது அவர் பொறுப்பில் வந்த நோயாளருள் டேவிட் தாஸ்மா என்று ஒருவர். போலந்து தேசத்து யூதர். அந்நிய நகரத்திலே உறவினரின்றிப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். நோவில்லாமல், தனிமையில்லாமல் இறப்பதற்கு ஓர் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்று இருவரும் பேசினார்கள். 1948இல் தாஸ்மா இறந்தபோது 500 பவுண் விட்டுச் சென்றார். சோண்டேர்ஸ் அதன்பின் வைத்தியம் படித்து, 1957இல் வைத்தியராகி, 1967இல் இலண்டனின் தென்பகுதியில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். இன்று உலகெங்கும் உள்ள அந்திமகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு அது மூலம். நோயாளியின் நோவு உடம்பில் மாத்திரமன்று, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் உண்டு, அவையெல்லாம் சேர்ந்து ஒரே நோவு என்று அவர் போதித்தார். இதை அவர் வைத்தியக் கல்லூரியிற் கற்றிருக்க மாட்டார் என்பது எமது அபிப்பிராயம். ஆல்மனர் மேசையில் இருந்து கேட்டபோது கற்றதாகவே தோன்றுகிறது.

ஆனால் ஆயிரத்தில் ஒருவரே சோண்டேர்ஸ் ஆவார். மற்றையவர்களின் நாளைப் பார்ப்போம். காலையில் புதிதாக வந்த குடும்பம் ஒன்று; பத்து மணிக்கு, இனிச் சிகிச்சை இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு வாலிபன்; பகல், காப்புறுதிக் கொம்பனியோடு வழக்காட்டம்; பின்னேரம், நேற்று வரையில் பேசிக்கொண்டிருந்தவரின் கட்டிலில் வேறொருவர். வீட்டுக்குப் போனால் இவற்றுள் ஒன்றையும் வாய்திறந்து சொல்ல முடியாது. நோயாளரின் அந்தரங்கத்தைக் காப்பது தொழிலின் முதற் கட்டளை. சொன்னாலும், சோறு போடும்போது இந்தக் கதை எதற்கு என்று வீட்டார் கேட்பர். வைத்தியருக்கு வைத்தியர் கூட்டம் உண்டு; தாதியருக்கு ஒரு விடுதியில் நாலைந்து பேர் உண்டு. சமூகப் பணியாளரோ பல வைத்தியசாலைகளில் ஒருவரே, அல்லது இருவரே.

1974இல் நியூயோர்க்கைச் சேர்ந்த மனோதத்துவ அறிஞர் ஹேபேட் பிறொய்டன்பேகர் ஒரு கட்டுரை எழுதினார். ஏழைகளுக்கும் போதைவஸ்துவுக்கு அடிமைப்பட்டவர்களுக்கும் இலவசமாக வைத்தியம் செய்த ஒரு நிலையத்திலே அவர் தொண்டாற்றியவர். அங்கே வேலைசெய்தவர்கள் சில காலத்தில் எரிந்து தீர்ந்த விறகுபோல் ஆவதைக் கண்டு அந்த நிலைக்கு அப்படியே பெயரிட்டார். சோம்பேறிகளுக்கு இது வருவதில்லை என்பதை இங்குள்ள வாலிபர்கள் கவனிக்க வேண்டும். முழுமனத்தோடு இறங்கியவர்களே முதலில் எரிகிறார்கள். பின்னர் கிறிஸ்ரினா மஸ்லாக் என்னும் அறிஞை இதனை அளந்து பார்த்து மூன்று அடையாளங்கள் சொன்னார். மனம் வற்றிப்போதல் ஒன்று. தான் செய்வதில் ஒரு பயனும் இல்லையென்று தோன்றுதல் ஒன்று. மூன்றாவது, எமக்கு மிகவும் அச்சந் தருவது, எதிரில் இருப்பவர் மனிதராகத் தோன்றாமற் போதல். 'செல்லம்மா ஆச்சி' என்று கூப்பிட்டவர் 'ஏழாம் கட்டில்' என்று சொல்லத் தொடங்குவார். அந்த நாளில் நட்டப்படுவது பணியாளர் மாத்திரமல்லர், ஆச்சியுந்தான்.

இதற்கு இத்தொழிலார் கண்ட பழைய மருந்து ஒன்றுண்டு. வாரத்துக்கொரு முறை மூத்த பணியாளர் ஒருவர் இளையவரை எதிரில் இருத்தி, அந்த வாரத்துக் காரியங்களைக் கேட்பார். மேற்பார்வை என்று அதற்குப் பெயர். கணக்குப் பார்க்கும் மேற்பார்வையன்று. வேலைசெய்தவரின் மனத்தையும் சேர்த்துப் பார்ப்பது. 1990ஆம் ஆண்டுகளிலே அமெரிக்க வைத்தியசாலைகள் பல, செலவைச் சுருக்குவதற்காகச் சமூகப் பணிப் பகுதிகளைக் கலைத்து, பணியாளரை ஒவ்வொரு விடுதியாகப் பிரித்துவிட்டன. வேறு தொழிலைச் சேர்ந்த மேலதிகாரியின் கீழ் அவர்கள் வேலை செய்ய நேர்ந்தது. காகிதத்திலே அது சிக்கனம். வைத்தியசாலைக்குள் இருந்த பக்கத்து மேசை அதனாற் போய்விட்டது. ஆகவே வைத்தியசாலைக்கு வெளியே அந்த மேசையைத் தேட வேண்டியதாயிற்று.

அதிர்ஷ்டவசமாக வெளியே ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1983இல் புற்றுநோயாளரின் மனநிலையையும் சமூகநிலையையும் ஆராயும் பத்திரிகை ஒன்று தொடங்கியது. 1984இல் அமெரிக்காவின் புற்றுநோய்ச் சமூகப் பணியாளர் தமக்கென ஒரு சங்கத்தைத் தாபித்தனர். ஆண்டுதோறும் மகாநாடு கூடுகிறார்கள், தொழிலுக்கு விதிகள் வகுத்திருக்கிறார்கள், புதியவர்களுக்கு மூத்தவர்களைத் துணையாக்குகிறார்கள். இப்படிச் சொன்னால் எல்லாச் சங்கத்து ஆண்டறிக்கையும் போலவே தோன்றும். அங்கே ஒருவர் மற்றவரிடம் கேட்பது எத்தகைய கேள்வி என்று பார்த்தால் அல்லவோ அதன் அருமை தெரியும்!

தாய்க்குப் புற்றுநோய், ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது? சிறிய பட்டணம் ஒன்றில் தனியே வேலைசெய்பவருக்கு இக்கேள்வி முதன்முறை வரும்போது கைகால் ஓடாது. பல நகரத்துப் பணியாளர் பல நூறு வீடுகளிற் கண்டதைச் சேர்த்துப் பார்த்து ஒரு விடை வைத்திருக்கிறார்கள். நோயின் பெயரை மறைக்காதே. மறைத்தால் பிள்ளை தானாக ஒன்றை, அதனினும் பயங்கரமாக, கற்பனை செய்துகொள்ளும். இந்நோய் நீ செய்த குழப்படியால் வந்ததன்று என்று சொல்லு. அம்மாவைத் தொட்டால் உனக்கு ஒட்டாது என்று சொல்லு. உன்னை யார் குளிப்பாட்டுவார், யார் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவார் என்பதை ஆளின் பெயரோடு சொல்லு. முதலாவது எங்கள் எவருக்கும் தோன்றாது. பிள்ளைகளோ அப்படித்தான் நினைக்கிறார்களாம், தாம் அம்மாவோடு கோபித்ததால் வருத்தம் வந்தது என்று! ஒரு தனி மனிதர் தம் ஆயுட்காலத்தில் இதைத் தாமாகக் கண்டுபிடிக்கலாம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் அந்தப் பழியைச் சுமந்து வளர்ந்திருக்கும்!

தங்குமிடம் பற்றிய கேள்வியும் அப்படியே. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் தூரத்து நோயாளர் இலவசமாகத் தங்குவதற்கான தன் முதல் விடுதியை 1970இல் சாள்ஸ்ரன் நகரில் திறந்தது. பிறகு வேறு பல நகரங்களிலும். எந்த நகரில் எது உண்டு, யாரைக் கேட்க வேண்டும் என்பது புத்தகத்தைவிடச் சக பணியாளரின் வாயிலேதான் விரைவிற் கிடைக்கும்.

சேர்ந்திருப்பதால் வரும் இன்னொரு பயன், தனிக்குரல் கேளாத இடத்தில் பல குரல் கேட்கும் என்பது. நோயாளரின் மனத்துயரை அளப்பதற்கு டொக்டர் ஜிமி ஹொலண்ட் என்னும் மாது தலைமையிலே கூடிய ஒரு குழுவினர் எளிய உபாயம் ஒன்றைப் பரப்பினர். காய்ச்சல் பார்க்கும் மானியைப் போன்ற ஒரு படம். சுழியம் முதல் பத்து வரை எண்கள். இந்த வாரம் உமது துயர் எவ்வளவு என்று நோயாளி தாமே கோடிட வேண்டும். பைத்தியம், மனநோய் என்ற சொற்களுக்குக் கூசுபவர்கள் துயரென்ற சொல்லுக்குக் கூசார் என்பது அவர்கள் கணிப்பு. இப்படித் துயரைக் கேட்டறிவது, தரச்சான்று பெற்ற புற்றுநோய் வைத்தியசாலைகளுக்குக் கட்டாயம் என்று 2012இல் அமெரிக்காவில் விதி வெளியாயிற்று. 2015இல் நடைமுறைக்கு வந்தது. பல தொழிலாரும் கூடி உழைத்து வந்த விதி அது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் எட்டு என்று கோடிட்டால், ஏன் என்று கேட்க ஓராள் வேண்டுமே! கேள்விக் கடதாசியை அச்சிடுவது மலிவு. விடையைக் கேட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

பொஸ்ரன் நகருக்கு மறுபடியும் ஒருமுறை செல்வோம். கபொட் ஒரு மேசை போட்ட அதே வைத்தியசாலையில் கெனத் சுவார்ட்ஸ் என்னும் சட்டத்தரணி சுவாசப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றார். நாற்பது வயது, 1995இல் இறந்தார். தம்மைப் பராமரித்தவர்கள் காட்டிய சிறு சிறு அன்பே தாங்கொணாததைத் தாங்கச் செய்தது என்று இறப்பதற்கு முன் எழுதினார். அவர் பெயரால் அமைந்த நிலையம் 1997இல் ஒரு கூட்ட முறையைத் தொடக்கியது. வைத்தியர், தாதி, சமூகப் பணியாளர், சுத்திகரிப்பவர் எவரும் வரலாம். நோயாளியின் வியாதியைப்பற்றி அங்கே விவாதிப்பதில்லை. அந்த நோயாளியோடு இருந்தபோது உமது மனம் என்ன பட்டது என்பதே பேச்சு. எவரும் எவருக்கும் புத்தி சொல்வதில்லை. 2009 முதல் இங்கிலாந்திலும் இம்முறை பரவியது. புத்தி சொல்லாத கூட்டம் ஒன்று நடத்த முடியும் என்பதே, பல சங்கக் கூட்டங்களைப் பார்த்த எமக்கு, பெரிய அதிசயம்! (செயலாளர் அவர்கள் மன்னிப்பாராக.)

இதை வீட்டிலே எடுத்துச் சொன்னபோது பெரியவர் ஒருவர், 'தம்பி, தொண்டு செய்யிறவனுக்குத் தொண்டே ஆறுதல். தனக்கு ஆறுதல் தேடுறவன் தொண்டனோ?' என்று கேட்டார். அவர் வயதுக்கும் அனுபவத்துக்கும் தலைவணங்குகிறோம். ஆயினும் உடன்பட முடியவில்லை. மிஷன் பாடசாலையிலே படித்தவர் நாமாகையால் நல்ல சமாரியன் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். வழியிலே அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்றவனை எல்லாரும் புகழ்வார்கள். அவன் அடுத்த நாள் சத்திரக்காரன் கையிலே காசைக் கொடுத்து ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான். அதன்பின் எத்தனை இரவு அந்தச் சத்திரக்காரன் கண்விழித்தான் என்று எந்த ஆசிரியரும் எமக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் உதவி செய்பவருக்குத் தொண்டே ஆறுதலாகலாம். நாள்தோறும் அடிபட்டவர் வந்துகொண்டிருக்கும் சத்திரத்திலே முப்பது வருஷம் இருப்பவரின் கதை வேறு.

எமது நண்பர் ஒருவர் எழுப்பிய வினா இதனினும் கடினமானது. இப்படிக் கூடி ஒருவர் துயரை ஒருவர் கேட்டுக்கொண்டால், ஆட்குறையை நிருவாகத்தார் மறந்துவிடுவார்களே. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யட்டும், மாலையிலே கூடி அழட்டும் என்று விட்டுவிடுவார்களே என்றார். இதில் நியாயம் உண்டு. தேநீரும் அனுதாபமும் வெற்றிடமான உத்தியோகத்தை நிரப்பா. ஆதலால் கூட்டத்திலே கண்ணீரோடு கணக்கும் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை குடும்பம் வந்தது, எத்தனைபேரை இருத்திப் பேச முடிந்தது, எத்தனைபேரைப் பாராமல் அனுப்ப நேர்ந்தது என்று தனித்தனியே எழுதி வைத்தால் அது ஒருவரின் முறைப்பாடு. பல வைத்தியசாலைக் கணக்கு ஒன்றாய்ச் சேர்ந்தால் அதிகாரிகள் அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட முடியாது.

இனி எமது நாட்டைப்பற்றி இரண்டு வார்த்தை. சமூகப் பணியைப் படிப்பிக்கும் நிலையம் ஒன்று கொழும்பிலே 1952இலேயே தொடங்கப்பட்டது. ஆகவே இது எமக்குப் புதிய வித்தையன்று. நீண்டகாலம் வடபகுதி நோயாளர் மகரகமைக்குப் போய்க் கிடந்து, பாஷை தெரியாமல், சொந்தம் அருகில்லாமல் வருந்திய கதை இங்குள்ள பல குடும்பங்களில் உண்டு. 2011ஆம் ஆண்டு யூலை மாதத்திலே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் இருபத்தேழு நாள் நடந்து நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகச் சேர்ந்த பணம் அது. அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எமக்குப் பெருமை உண்டாகிறது. கட்டடத்துக்குப் பணம் தருவோரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படும். அதனுள்ளிருந்து பிறர் துயரைக் கேட்பவருக்கு ஓர் அறை தேடித்தருவோர் யாரென்று எவரும் பொறிக்கப் போவதில்லை. ஆனாலும் அது வேண்டும்.

எமது சங்கத்திடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. இரத்ததானம் நடத்துகிறோம், நோயாளருக்குப் பழம் கொடுக்கிறோம், அவை நடக்கட்டும். இந்த மண்டபத்தின் பின்னால் நூல்நிலையத்தை அடுத்து ஓர் அறை இருக்கிறது. ஆண்டு விழாக் கதிரைகளை அடுக்குவதற்கன்றி அதை எவரும் திறப்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் அதைத் துப்புரவாக்கி, மின்விசிறியைப் பழுதுபார்த்து, வைத்தியசாலையிலும் வீடுகளிலும் புற்றுநோயாளரோடு வேலைசெய்கிற சமூக சேவை உத்தியோகத்தர், தாதியர், தொண்டர்கள் ஆகியோருக்கு விட்டுவிட வேண்டும். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நாம் கேட்கக் கூடாது. வரவேற்புரை வேண்டாம், மாலை வேண்டாம், படம் பிடிக்க வேண்டாம். தேநீரை வாசலில் வைத்துவிட்டு எமது வாலிபர்கள் விலகிவிட வேண்டும். முதன்முறை இருவரே வரக்கூடும். வரட்டும், இரண்டு மேசை போதும்.

அந்த அறையின் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தோம்; பொருளாளரிடம் என்று ஒருவரும், கோயில் மனேச்சரிடம் என்று மற்றொருவரும் சொன்னார்கள். தலைவர் அவர்கள் கூட்டம் முடிவதற்குள் அதைத் தீர்த்துத் தருவார்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறோம்.